மூன்று பத்தில் நின்ற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கண்ட பாட்டையும் படத்தையும் போட்டு அடைத்துவிட்டு, பழியை மெஷின் மேல் போடுவார்கள். அந்த எரிச்சலோடுதான் 2008 ஐப்பசியில், திருத்தணி மலைப்படி அருகே இருக்கும் என் சர்வீஸ் கடையைப் பூட்டிவிட்டு அம்மையார்குப்பத்துக்கு வண்டியை எடுத்தேன்.

என்னைக் கூப்பிட்டிருந்த கமலா வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள். ஒன்றை அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றதில் ஒரு கல்யாணச் சேலை, முந்தானை நெய்யாமல் நின்றது. டிசைன் வரைகிற அவர் கணவர் சடகோபன், புரட்டாசியில் ஒரு மதியம் கம்ப்யூட்டர் அறையிலேயே மூச்சிரைப்பு வந்து போய்விட்டார். முந்தி டிசைன் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது. அது வராவிட்டால் தறியில் ஏற்றிய பாவு நூலை அறுக்க வேண்டும். நெசவுக்காரர் வீட்டில் பாதியில் பாவு அறுப்பதைவிட அபசகுனம் வேறில்லை.

பின்கட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. பஞ்சுத் தூசி நுழையாமல் இருக்கக் கதவை எப்போதும் சாத்தியே வைப்பார்களாம். மழை ஈரத்தில் ஊதி இறுகிய கதவு. உள்பக்கக் கைப்பிடி மேஜைமேல் கிடந்தது.

“ரிப்பேர் பண்ண அவருதான் கழட்டி வெச்சாரு போல. தட்டுங்கண்ணா, நான் வந்து தள்றேன்” என்றார் கமலா.

மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தன. டிசைன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், சடகோபன் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தார். விர்ச்சுவல் மெஷின். விண்டோஸ் வழியாகத் திறந்தேன், ஆமையாக ஊர்ந்தது. லினக்ஸ் வழியாகவும் அதே ஆமைதான். அப்படியானால் கோளாறு வெளியே இல்லை, உள்ளே.

உள்ளே இருந்த கடிகாரம் மூன்று பத்து காட்டியது. வெளியே காலை பதினொன்று. தேதி, அவர் இறந்த தேதி.

கேட்டால், கமலா அந்த உள் மெஷினை ஒருநாளும் அணைக்கவில்லையாம். தினமும் சாயங்காலம் இருந்த நிலையிலேயே உறைய வைத்து, காலையில் எழுப்புவாராம். “பாதி வேலைய அறுக்கக்கூடாதுங்கண்ணா. டிசைன்ல தினம் நாலு கட்டம் அதுவா கருப்பாவுது. நாப்பது நாள்ல எட்டு நிமிசந்தான் ஓடிச்சு.”

சிரித்துவிட்டேன். மெமரி போதவில்லையம்மா, வேறொன்றுமில்லை என்றேன். அவர் தறிக்குத் திரும்பினார். கதவு சாத்திக்கொண்டது. புது மெமரியைச் செருகி, மெஷினை எழுப்பினேன்.

ஓடியது.

மூன்று பதினொன்று.

திரையில் அம்பு நகர்ந்தது. என் கை மவுஸில் இல்லை.

கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கருத்தன. பூ அல்ல, மாங்காய் அல்ல. எழுத்து.

கமலா கதவைத் தொற.

அதன் கீழே மறுபடியும் அதே. அதன் கீழே இன்னும் கோணலாக. மேஜைமேல் இருந்த கைப்பிடியை எடுத்துப் பார்த்தேன். அதன் திருகாணிகள் நான்கும் வளைந்திருந்தன. கழற்றியவன் திருகாணியை வளைக்க மாட்டான்.

பாய்ந்துபோய்க் கதவைத் தட்டினேன். தறிச் சத்தத்தில் என் தட்டல் எனக்கே கேட்கவில்லை. கத்தினேன். பஞ்சு வாசனை தொண்டையில் ஏறியது. மூச்சு உள்ளே போகவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். அந்த மெஷினுக்கு ஸ்பீக்கர் கிடையாது.

சத்தியமாகச் சொல்கிறேன், செத்தேன் என்றே நினைத்தேன்.

கரண்ட் போனது. தறி நின்றது. யூ.பி.எஸ். மட்டும் கீ கீ என்று கத்தியது. அந்த அமைதியில்தான் என் தட்டல் கேட்டு கமலா கதவைத் தள்ளினார்.

நான் பாய்ந்து மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

“கடசியா இன்னா வரைஞ்சிக்கினு இருந்தாரு?” என்று கேட்டார்.

“முந்திதாம்மா.”

வேறென்ன சொல்வேன்? அவர் தட்டியபோது நீங்கள் தறி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றா? யூ.பி.எஸ். தீர்வதற்குள் அவசரமாக முந்திப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கமலா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த எழுத்துகளை அப்போதே அழித்திருக்க வேண்டும். வெளியேறினால் போதும் என்றிருந்தது. பழையபடி உறைய வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போன் வந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே கமலாவின் குரல். சேலையை நெய்து முடித்து அறுத்துக் கொடுத்தாகிவிட்டதாம். மெஷின் இப்போது வேகமாம்.

“எல்லாம் படிச்சிட்டேங்கண்ணா” என்றார்.

எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றேன்.

“நான் அந்த ரூம் உள்ளதான் கீறேன். கதவுதான் வரல.”

தறி ஓட்டுகிறவர்களைக் கத்திக் கூப்பிடுங்கள் என்றேன்.

“வூட்ல யாருமில்ல. வெளிக்கதவ நான்தான் பூட்டிக்கினு வந்தேன்.” போனில் மூச்சு இழுத்தது. “ரெண்டு தறியும் ஓடுதுங்கண்ணா.”

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடும்போது கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.