லண்டன் ரயிலைத் தவறவிட்டவள்

மழை... லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழ் எல்லோரும் ஒதுங்கி நிற்க, ஷிரோமி மட்டும் கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கம் ஓடினாள். லண்டன் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மரக்கறிப் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு குறுக்கே வந்த ஒருவன் இடித்துவிட்டான். அவள் பை கவிழ்ந்து, அண்ணாவுக்கென்று வாங்கிய மீன் ரோல்ஸ் எல்லாம் மழைத்தண்ணீரில்...

"கண்ணை எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"உங்களிலைதான்... அதுதான் இடிச்சுப்போட்டன்."

சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றன... சிரிப்பு வந்துவிட்டது. ரயில் போய்விட்டது.

வண்டி தள்ளிவந்த கலைமாறன் வன்னியிலிருந்து பிரெஞ்சு நாட்டுக்கு வந்து, அந்தத் தெருவில் ஒரு உணவகத்தில் சமைப்பவன். அடுத்த ரயில்வரை அவளை அங்கே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தான். அண்ணா லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் என்று மட்டும் சொன்னாள். அங்கே வேலை செய்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான், அவள் திருத்தவில்லை.

பிறகு சனிக்கிழமைகளில், தான் இருந்த புறநகர் செவ்ரானிலிருந்து வந்து, காரணமில்லாமல் அந்தத் தெருவால் நடந்தாள். அவனும் காரணமில்லாமல் வாசலில் நின்றான்...

வசந்தத்தில் ஒருநாள் கேட்டான்.

"உங்கடை அண்ணையோடை ஒருக்கா கதைக்கட்டோ? எங்கடை விஷயம்..."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"றொமேஷ் அண்ணா அங்கை வேலை செய்யேல்லை. அடைச்சு வைச்சிருக்கினம். கூட இருந்த சிநேகிதனைக் கொலை செய்துபோட்டார்."

கோப்பையைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"மனவருத்தம், மனநோய். காதுக்குள்ளை ஆரோ கதைச்சுக்கொண்டே இருந்தவை. அந்தப் பெடியன் தன்னைக் கொல்லப்போறான் எண்டு நம்பினவர். நோயாலை சரியா யோசிக்கிற சக்தி அவருக்குப் பெரும்பாலும் போட்டுது எண்டு கோர்ட்டிலை டொக்டர்மார் சொல்லிச்சினம். அதாலை மர்டர் எண்ட கொலைக்குற்றத்தை, அதைவிடக் குறைஞ்ச மான்ஸ்லோட்டர் குற்றம் ஆக்கினவை. சிறை மறியலுக்குப் பதிலா ஆஸ்பத்திரி."

"அப்ப... குற்றம் இல்லையோ?"

"குற்றம்தான். செத்தவன் செத்தவன்தானே. பொறுப்புத்தான் குறைஞ்சது. இல்லாமல் போகேல்லை."

"தான் செய்தது அவருக்குத் தெரியுமோ?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவளுக்குக் கண் நிறைந்தது.

"மருந்து வேலை செய்யச் செய்யத்தான் தெரியுது. சுகம் வரவர... அழுகிறார்."

அவன் தலைகுனிந்தான். ஒரு வார்த்தை வரவில்லை. அவன் விலகுகிறான் என்று அவள் நினைக்க அந்த மௌனமே போதுமாக இருந்தது.

"பரிதாபப்பட வேண்டாம்," என்று எழுந்து போய்விட்டாள்.

அவன் அழைத்தபோதெல்லாம் போன் அடித்து ஓய்ந்தது. 'கொலைகாரன்ரை தங்கச்சி எண்டு சனம் சொல்லும்... அவனுக்கேன் அந்தப் பேச்சு?'

அவள் முன்னரே அவனிடம் சொல்லியிருந்த அடுத்த லண்டன் பயணத்துக் காலையில், ரயில் நிலையத்தில், பயணிகள் வரிசையின் ஓரத்தில் அவன் நின்றான்.

"விசா இல்லை, உங்களோடை வரேலாது. இதுவரை வரலாம்தானே."

"அண்டைக்கு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பயந்துபோனன். இப்பவும் பயம்தான்... ஆனா உங்களை இனிக் காணவே மாட்டனோ எண்ட பயம் அதைவிடப் பெரிசாக் கிடக்கு. நான் உங்களை விரும்புறன், ஷிரோமி. அண்ணையையும் சேர்த்துத்தான்."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் அவளைக் கடந்து போனார்கள். இத்தனை நாளும் 'நீங்கள்' என்று எட்ட நின்றே பேசியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னேரம் திரும்பி வருவன்," என்றாள். "நீர் இஞ்சையே நில்லும்."