தண்ணி சிந்தாத வண்டி

"ஒரு டம்ளர் தண்ணிய பின்னாடி தொட்டியில வெச்சா… ஒரு சொட்டு கூட சிந்தக் கூடாதுங்க. அப்பிடி ஆக்கித் தர முடியுமா?"

வண்டிக்கு அடியில் படுத்திருந்த தமிழ்மொழிக்கு முதலில் குரல்தான் கேட்டது. பிறகு சேறு அப்பிய இரண்டு செருப்புகளும், பின்னால் ஒரு பிக்அப் வண்டியின் சக்கரங்களும் தெரிந்தன. நகர்ந்து வெளியே வந்து நிமிர்ந்தால்… அந்தக் கண்கள்! தை மாதத்தில் காலம் தப்பிப் பெய்த மழை, இமைகளின் மேல் துளித் துளியாய் நின்றது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தான் அவன்.

'நல்ல கண்ணு' என்று ஒரு நொடி. 'ஆள் சரியில்ல' என்று மறு நொடி.

காரணம் இருந்தது. மந்தாரக்குப்பத்தில் அவள் அப்பா சாமிக்கண்ணுவின் டயர் பட்டறைக்கு வரும் பிக்அப்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றேதான். பின்னால் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போடு, இன்னும் அரை டன் ஏற்றணும். நிலக்கரி மைன்ஸுக்கு இரும்புச் சாமான் கொண்டு போகிறவனும் அதையே கேட்பான், பலாப்பழம் ஏற்றுகிறவனும் அதையே கேட்பான். லோடு வண்டியை யாராவது மெத்தை மாதிரி ஆக்கச் சொல்வார்களா?

போன வருஷம் ஒருவன் சொன்னான். அப்பாவும் நம்பிச் செய்து கொடுத்தார். பத்தே நாளில் அந்த வண்டி பாண்டிச்சேரி சரக்கோடு பிடிபட்டது. பாட்டில் உடையாமல் போக வழி செய்து கொடுத்தவர் என்று அப்பாவை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து அவர் புது ஆளைக் கண்டால் வாயே திறப்பதில்லை. பேச்சு, ஸ்பேனர், பட்டறை எல்லாமே டிப்ளமோ முடித்த மகள் கைக்கு வந்துவிட்டன.

"இன்னா ஏத்துவீங்க?" என்றாள்.

"பெட்டிங்க."

"பெட்டிக்குள்ள?"

அவன் பார்வை சட்டென்று பக்கத்து டீக்கடைப் பக்கம் ஓடியது. "அது… சாமானுங்க."

"சாமானுக்கு ஒரு பேரு இருக்குமில்ல?"

"எனக்கும்கூட ஒரு பேரு இருக்குதுங்க. நிலவன். ஊரு குறிஞ்சிப்பாடி." சிரித்தான்.

பேச்சை மாற்றுகிறான்… கள்ளன்!

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் வேறொரு பட்டறைக்காரர் அப்பாவைப் போல மாட்டிக்கொள்வாரே… இங்கேயே வைத்துக் கண்டுபிடித்துவிட வேண்டும். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"மூணு நாள் ஆவும். வுட்டுட்டுப் போங்க."

அவன் தலை மறைந்ததும் பிக்அப்பின் சரக்குத் தொட்டியில் ஏறி மோப்பம் பிடித்தாள். பலகை இடுக்கில் பிசுபிசு என்று ஏதோ காய்ந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். சர்க்கரைப் பாகு! மூலையில் சுருட்டிக் கிடந்த சாக்கில் புகை வாடை. யோசித்தால் அவன் வலது மணிக்கட்டுகூட வீங்கித்தானே இருந்தது? சர்க்கரை, புகை, அடிதடி… 'பாட்டில் இல்ல, சாராய ஊறலே போடறான் பாவி' என்று முடிவு கட்டினாள்.

ஆனாலும் வேலையில் குறை வைக்க அவளுக்குத் தெரியாது. பின் அச்சின் மேல் வில்லாய் வளைந்து கிடந்த தடித்த இரும்புப் பட்டைகளைக் கழற்றினாள். மெல்லிசுப் பட்டைகளாக எண்ணிக்கை கூட்டி அடுக்கி, நடுவில் ரப்பர் வைத்து யூ போல்ட் முடுக்கினாள். நான்கு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர் மாட்டினாள். கல்லாய் இருந்த பழைய டயர்களைத் தள்ளிவிட்டு, அகலமான ரிம்மில் பக்கச் சுவர் உயர்ந்த ரேடியல் டயர்.

அவன் தினமும் காலையிலேயே வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னாத்துக்கு இப்பிடி பாத்துகினே இருக்கீங்க?"

"வேலையத்தாங்க பாக்கறேன்."

"வேலை வண்டிக்கு அடியில நடக்குது. நீங்க பாக்கறது மேல."

"மேலயும் நல்லாதாங்க இருக்குது…"

அவள் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி 'ணங்' என்று விழுந்தது. அவன் அதை எடுத்துக் கொடுத்துச் சிரித்தான். கெட்டவன் இப்படிச் சிரிக்கக் கூடாதென்று ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மூன்றாம் நாள் சோதனை ஓட்டம். அவள் ஓட்ட, அவன் தொட்டியில் டம்ளருக்குக் காவலாய் உட்கார்ந்தான். மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பின் வழவழப்பான ரோட்டில் நழுவி, வடக்குத்து கிராமத்து மண்பாதையில் இறங்கினாள். பள்ளம், மேடு, சேறு… கண்ணாடியில் பார்த்தாள். டம்ளரைப் பார்க்க வேண்டியவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் பார்வையும் கண்ணாடியில் முட்டிக்கொண்டன… முதலில் விலகியது அவள்தான்.

"சிந்துச்சா?" என்று கத்தினாள்.

"தெரியலீங்க… நான் பாக்கல!"

சிந்தவில்லை. அவன் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. "நாளைக்கே விடியக்காலம் லோடு எடுத்துடுவேங்க. இந்தப் பக்கம் முந்திரித் தோப்புக்குத்தான்…" என்றவன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போல நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முந்திரித் தோப்பு! ஊறல் போட அதைவிட மறைவான இடம் எது? வலித்தது. ஏன் வலிக்க வேண்டும் என்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத தூறலில் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வடக்குத்து தாண்டியதும் தோப்போரத்தில் அவள் கையால் புதுப்பித்த அதே வண்டி. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அவனைக் காணோம். ஆதாரத்துக்குப் படம் எடுக்கச் செல்போன் கேமராவைத் திறந்தாள். தார்ப்பாயை விலக்கினாள். வரிசையாய் மரப்பெட்டிகள். உள்ளே ஏதோ 'ங்ங்ங்' என்று உறுமியது. மிஷினா?

"தொறக்காதீங்க!" தோப்புக்குள்ளிருந்து ஓடி வந்தான் நிலவன். "தமிழு… தொறக்காதீங்க!"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் போதாதா? மூடியை நெம்பித் தூக்கினாள்.

பழுப்பு மேகம் ஒன்று குபீரென்று எழுந்தது. தேனீக்கள்! அவள் அலறி விழ, அவன் சாக்கை வீசி அவளைப் போர்த்தி, இழுத்துக்கொண்டு ஓடினான். ஒன்று மட்டும் அவளுடைய இடது இமையில் கொட்டிவிட்டது.

"ஆடாதீங்க…" முகத்துக்கு மிக அருகில் அவன் மூச்சு. நகத்தால் நோகாமல் வழித்து அந்த முள்ளை எடுத்தான். அவள் கண்ணைத் திறப்பதற்குள் அவன் கண்கள் அண்ணாந்துவிட்டன. திறந்த பெட்டியின் கூட்டம் முழுவதும் ராணியோடு மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"ரோட்டுல குலுங்கி தேனடை ஒடஞ்சி எட்டு பெட்டி செத்துப் போச்சிங்க போன வருஷம். அதுக்குத்தான் வண்டிய மெத்துன்னு ஆக்கச் சொன்னேன். நீங்க… என்னை இன்னான்னு நெனச்சீங்க?"

"சாராயம்னு… தொட்டியில சர்க்கரைப் பாகு, புகை வாடை, உங்க கை வீக்கம்…"

அவன் சிரிக்கவில்லை. "பாகு அதுங்களுக்குத் தீனி, புகை அதுங்கள அடக்க, வீக்கம் அதுங்க கொட்டினது. நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேனே! சாமானுன்னு சொன்னது யாரு?" வலியிலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வெடித்தாள்.

"போங்க. இங்க நிக்காதீங்க."

போனாள். ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டே போனாள்.

பட்டறையில் அப்பா பதறினார். "கண்ணுல இன்னாம்மா?"

"தேனீப்பா. அந்தப் பெட்டியில எல்லாம் தேனீ."

"அப்ப… பாட்டிலு இல்லியா?"

"இல்லப்பா."

சாமிக்கண்ணு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், வாசலில் காற்றடிக்க வந்து நின்ற யாரோ ஒரு புது ஆளிடம், "எந்த ஊருங்க?" என்று தானாகவே பேச்சுக் கொடுத்தார். அதைக் கேட்ட தமிழ்மொழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வருஷமாய் இந்தப் பட்டறையில் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துப் பார்த்து… அவனையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாளே!

மாலை நாலு மணிக்கு, இடது கண் முழுக்க மூடிக்கொண்ட முகத்தோடு மறுபடியும் தோப்புக்குப் போனாள். அவனும் இல்லை, வண்டியும் இல்லை. தோப்புக்காரி சின்னம்மாள் காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டோரத்து முந்திரிக் கிளையில், தாடி போலக் கொத்தாகத் தொங்கியது காலையில் பறந்துபோன கூட்டம்.

"யக்கா, கொளுத்தாதீங்க!" குறுக்கே போய் நின்றாள்.

"தள்ளு. புள்ளைங்க நடமாடற எடம்."

"பூச்சி மேல தப்பில்லக்கா. பெட்டியத் தொறந்தவ நான்தான். என் கண்ணப் பாருங்க… அப்பிடியும் நான்தான அதுங்க முன்னாடி வந்து நிக்கறேன்? அந்தாளுக்கு போன் போடறேன். அது வரைக்கும் பொறுங்க. இதுங்க இருந்தா உங்க முந்திரியும் நல்லா காய்க்குமாம்…"

முந்திரி காய்க்குமா காய்க்காதா என்பது அவளுக்குச் சத்தியமாய்த் தெரியாது. வண்டியை வேலைக்கு விட்ட அன்று அவனிடம் வாங்கி வைத்த நம்பரை அழுத்தினாள். "கூட்டம் இங்கதான் இருக்குது… சீக்கிரம் வாங்க," என்று மட்டும் சொன்னாள். தலைக்கு மேல் தேனீக்கள் ரீங்கரிக்க, அரை மணி நேரம் முழுக்க அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவன் வண்டியோடு வந்தான். இன்னும் புகையும் ஓலையையும், மரத்தடியில் கையை விரித்து நின்றவளையும், அந்த வீங்கிய கண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். கிளைக்குக் கீழே காலிப் பெட்டியைப் பிடித்து ஒரே ஒரு உதறு… கொத்து அப்படியே உள்ளே விழுந்தது. மூடினான். சின்னம்மாள் முணுமுணுத்துக்கொண்டே ஓலையைத் தரையில் தேய்த்து அணைத்தாள். "என்னமோ காய்க்கும்னு சொல்லுது இந்தப் பொண்ணு. இருந்துட்டுப் போவட்டும்," என்று வீட்டுக்குள் போனாள்.

தூறல் மறுபடியும் பிடித்தது. இருவரும் வண்டியின் பின்பலகை மேல், நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"நானும் சொல்லியிருக்கணும். பண்ருட்டியில ரெண்டு பட்டறையில, தேனீன்னதும் வண்டிய வெளிய தள்ளிட்டாங்க. ஊர்ல வாடகைக்கு இருந்த வூட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அதான் மொத நாளு மறைச்சேன்."

"சரி… ரெண்டாவது நாளு?"

அவன் காது மடல் சிவந்தது. "ரெண்டாவது நாளு… சொன்னா வெளிய அனுப்பிடுவீங்களோன்னு. வண்டிய இல்ல… என்னை."

பெட்டிக்குள் உறுமல் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லவா?" தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் தமிழ்மொழி. "உங்க வண்டி வேலை ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சி. மூணாவது நாளு காலையில… அந்த யூ போல்ட்ட சும்மாவே கழட்டி, சும்மாவே மாட்டிகினு இருந்தேன்."

"சந்தேகத்துலயா?"

"ஆமா… என் மேலயே."

அவன் பெட்டியைத் தாண்டி அவள் பக்கம் சாய்ந்தான். "அப்ப… நான் நம்பலாங்களா?"

அவள் நிமிர்ந்தாள். இமையில் மழையோடு அதே கண்கள். இந்த முறை விலகவில்லை.

"இப்போதைக்கு ஒத்தக் கண்ணாலதான் பாக்க முடியுது," என்றாள். "ஆனா… நல்லாத் தெரியுது. புடிச்சிருக்கு."