பெயர் சொல்லி ஒரு தரம்

மெல்பேர்னிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டி, காட்டோரத்துத் தகரக் கொட்டிலின் முன்னால் காரை நிறுத்தியபோது பின்னேரம் நாலு மணி. 1976ஆம் ஆண்டு, ஜூன் மாதக் குளிர். விக்னராஜா இறங்கிக் கதவைத் தள்ளினான். உள்ளே ஈரச் சாம்பலும் எலிப் புழுக்கையும் மணத்தன. போன வருடம் இதே கதவைத் தள்ளியபோது கூட வந்தவன் மகேந்திரராஜா, மனைவி ரஞ்சினியின் அண்ணன். இந்த முறை வந்திருப்பது அவளுடைய தம்பி சிறிதரன். முப்பத்திரண்டு வயது ட்ராம் கண்டக்டர். பிடித்தால் விடாத பிடிவாதக்காரன்.

அண்ணன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அவனைப் போலவே அங்கே ஒரு மரைமான் சுட வேண்டும் என்று ஒரு வருடமாக உயிரை எடுத்தான். விக்னராஜா மறுத்திருக்கலாம். மறுப்பதற்குக்கூட மனிதனுக்குள் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே. புறப்படும்போது ரஞ்சினி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எனக்கு இனி இவன் ஒருத்தன்தான். முழுசாக் கொண்டுவந்து விடுங்கோ."

கையில் இருந்தது பொலிஸ் திருப்பிக் கொடுத்த அதே பழைய லீவர் துவக்கு. அடியில் உள்ள வளையத்தை முன்னே தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெறும் கோது வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா ஏறும். தூரத்துக்கு உதவாது. புதர் மண்டிய பள்ளத்தில் நாற்பது அடிக்குள் மரை எழும்பினால் இதைப்போல் கைக்கு வாகான சாமான் வேறில்லை என்று மகேந்திரராஜா வாயில் சுருட்டோடு அதைக் கொண்டாடுவான்.

அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு புதருக்குள், அசைவது மனிதனா மிருகமா என்று தெரியாது. ஆகவே மச்சான்மார் இருவரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். விசையைத் தொடுமுன் கூட வந்தவனின் பெயரைத் தணிந்த குரலில் ஒரு தரம் சொல்ல வேண்டும். மறுதரம் சொன்னால் மரை பாய்ந்துவிடும். பதில் வராவிட்டால் சுடலாம்.

போன வருடம் விக்னராஜா பெயர் சொன்னபோது பதில் வரவில்லை. சுட்டான்.

இறந்தவர் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று மரண விசாரணையில் கேட்டார்கள். தெரியாது என்றான். அது பொய். பொழுதுபடுகிற நேரம், ஆளில்லாத இடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரத்துக்கு வாய் திறக்காதே, பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனிதன்தான் திரும்பவும் கூப்பிடுவான் என்று சொல்லித்தான் இருவரையும் வளர்த்திருந்தார்கள். இருவரும் படித்த என்ஜினியர் படிப்பால் அதைக் கழுவ முடியவில்லை. சட்டம் போட்ட அன்று இரண்டு மடையர்களுக்கும் இது நினைவில் வரவுமில்லை. இதையெல்லாம் விசாரித்த அந்த வெள்ளைக்காரத் துரைக்கு எந்த இங்கிலீசில் விளக்குவது?

பள்ளத்தில் இறங்குமுன் சிறிதரனிடம் நாலு தரம் சொன்னான், ஒரே ஒரு தரம் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று. அவன் ஓம் அத்தான், ஓம் அத்தான் என்று தலையை ஆட்டினான். அவனை ஒரு விழுந்த மரத்தின் பின்னால் இருத்திவிட்டு, விக்னராஜா ஓடைக்கரையில் போய்க் குந்தினான்.

வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்தது. பன்னச் செடிகளிலிருந்து பனித்துளி சொட்டியது. அழுகிய இலையின் மணம். விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு மரத்துப்போய் ஒரு வருடம் ஆகிறது என்பதால் அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு குச்சி முறிந்தது.

இடப்பக்கத்துச் செடிக்குள், முப்பது அடியில், மண்ணிறமாக ஏதோ அசைந்தது. சிறிதரன் இருந்ததோ வலப்பக்கம். துவக்கின் சுத்தியலைப் பெருவிரலால் பின்னே இழுத்தான்.

"சிறி."

பதில் இல்லை.

நாலு தரம் சொல்லியிருக்கிறான். சிறிதரனும் தலையாட்டியிருக்கிறான். அப்படியானால் இது மரைதான். விரல் விசையில் இறுகியது.

"ஓம் மச்சான்."

செடிக்குள்ளிருந்து வரவில்லை. அவனுடைய தோளுக்குப் பின்னாலிருந்து, காதுக்கு வெகு கிட்டத்தில் வந்தது. சுருட்டுப் புகை மணத்தது.

சிறிதரன் அவனை அத்தான் என்பான். இந்த நாட்டில் அவனை மச்சான் என்று கூப்பிட்டவன் ஒரே ஒருவன்தான்.

துவக்கு கையை விட்டு விழுந்தது. செடியை விலக்கிக்கொண்டு சிறிதரன் வெளியே வந்தான். இருந்த இடத்தில் இருக்கமாட்டாமல், அண்ணன் விழுந்த இடத்தைத் தேடி இந்தப் பக்கம் சுற்றி வந்திருக்கிறான்.

"கேட்டது அத்தான்," என்றான் மெல்ல. "நீங்கள் ஒருக்காத்தானே கூப்பிட்டீங்கள்."

விக்னராஜா துவக்கை எடுத்து, வளையத்தை இழுத்து இழுத்து எல்லாத் தோட்டாவையும் வெளியே தள்ளினான். பயம்தான். ஆனாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்ததே என்று இருந்தது.

மறுநாள் வீடு சேர்ந்தார்கள். ரஞ்சினி தம்பியின் கன்னத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டுவிட்டு, சிறி, சாப்பிட வா என்று குரல் கொடுத்தாள். சிறிதரன் முன் அறைக் கதிரையில் விக்னராஜாவின் எதிரே இருந்தான். அவன் வாயைத் திறக்குமுன் பின்வளவிலிருந்து பதில் வந்தது.

"வாறன் பிள்ளை."

தங்கையைப் பிள்ளை என்று கூப்பிட்டது மூத்தவன் மகேந்திரராஜா மட்டும்தான். ரஞ்சினி அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மறுதரம் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டுமானால் எழுந்து போய்த் தோளைத் தொடுவார்கள். இப்போது மாசக்கணக்காகிறது.

பொழுதுபடும்போது, யாரும் கூப்பிடாமலே, பின்வளவில் "ஓம்" என்று கேட்கிறது.