கேட்பவனின் குடும்பப் பெயர்

வக்கீல் வீப்கே ஃபோனை வைத்த பிறகும் ரிசீவரில் கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

டிசம்பர் மாதம், மாலை நான்கு மணிக்கே ஜன்னலில் இருட்டு அப்பிக்கொண்டிருந்தது. யாரோ சூப் குடிப்பதும், கிண்ணத்தின் அடியைச் சுரண்டுவதும், மூக்கை உறிஞ்சுவதும் வீப்கே வீட்டுச் சத்தம் என்றுதான் கெசீனா டோல்க்ஸ்டோர்ஃப் இதுவரை நினைத்திருந்தாள். முட்டைக்கோஸ் வேகும் வாடைகூட அடித்தது. இவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஃபோனை வைக்கும் முன் வீப்கே சொன்ன சேதியும் நல்லதில்லை.

"உங்க ஃபோனைத்தான் ஒட்டுக்கேட்டாங்கன்னு நாளைக்குள்ள காட்டணும். இல்லேன்னா மனுவைத் தள்ளிடுவாங்க."

"ஒளிஞ்சு கேக்கறவன் ரசீதா குடுப்பான்?"

"நீதிபதிகிட்டயே கேட்டுப் பாருங்க. பேசாம வாபஸ் வாங்கிடலாம், கெசீனா."

"செத்தாலும் மாட்டேன்."

கடிதமும் தபாலும் தொலைபேசியும் மீறக்கூடாத ரகசியம் என்கிறது எங்கள் ஜெர்மன் அரசியல் சாசனத்தின் பத்தாம் பிரிவு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கெசீனா பதினோரு மாதமாக உளவுத்துறையோடு வழக்காடுகிறாள். ஒருத்தி தன் தங்கையிடம் அழுவதைக் கேட்க இவர்கள் யார்?

"யாருடா அது?" என்றாள் ரிசீவரில்.

கரண்டி நின்றது. மூச்சு மட்டும் வந்தது.

பயம் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிது. ஃபோன் மணி அடித்தால் எங்கள் ஜெர்மன் ஆட்கள் ஹலோ சொல்ல மாட்டார்கள், குடும்பப் பெயரைச் சொல்வார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். அவள் செல்ஃபோனை எடுத்து, பழைய காலத்து மணிச் சத்தத்தைத் தேடி, ரிசீவரின் வாயருகே வைத்து அழுத்தினாள்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது.

"ரேபைன்."

தடித்த ஆண் குரல். ரிசீவரில் கேட்டது. முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. அவளுடைய படுக்கையறையில்.

அவள் திரும்பவில்லை. மனுவை இழுத்து, ஆதாரம் என்ற இடத்தில் எழுதினாள்.

"பேரை எழுதியாச்சு, ரேபைன்," என்றாள் உரக்க. "எழுத்து சரியான்னு வேணும்னா வந்து பாருங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கல்லாஷ்," என்றது குளியலறை.

"ஹோயர்." சுவருக்குள்ளிருந்து.

"ஷ்ட்ரீட்டர்." கூரையில்.

எழுதினாள். ஒவ்வொன்றாக. ஒன்றையும் விடவில்லை.

மேஜைக்கு அடியில், முழங்காலை உரசியபடி, ஒரு பெண் குரல்.

"டோல்க்ஸ்டோர்ஃப்."

அவளுடைய பெயர். அவளுடைய குரல். அவள் உதடு அசையவில்லை.

அதையும் எழுதினாள்.