தெரிந்த குறைகள்

கதவை உடைத்தபோது ஷவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பாத்ரூம் சுவரில் சாய்ந்து கிடந்தாள் அவன் மனைவி. தூங்குகிறவள் போல.

கேஸ் ஹீட்டர் புகை என்றது போஸ்ட்மார்ட்டம். வாசமே இல்லாத விஷம்.

குடிவந்து ஒன்பதே நாள்!

அவன் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதினான். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் தெரிந்த குறைகளை எழுதித் தரவேண்டும். வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் சட்டம். வீட்டுக்காரர் மூச்சே விடவில்லை...

லேடி இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரரை வரவழைத்தார். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கரையும்தான். புரோக்கர் வேறு யாருமல்ல, செத்தவளின் கூடப்பிறந்த அண்ணன். இந்த நாட்களில் அவனைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே தோள்.

வீட்டுக்காரர் பதறவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சொல்லவேண்டியதை எழுத்துல சொல்லிட்டேம்மா. நாலாவது வரி பாருங்க."

'ஹீட்டர் புகைக்குழாயில் அடைப்பு. சரிசெய்யும்வரை பயன்படுத்தக் கூடாது.'

கீழே... அவன் கையெழுத்து!

"இது நான் போட்டதில்ல."

அந்தத் தேதியில் அவன் வெளியூர் வேலையில் இருந்தான். வீடு பார்த்ததெல்லாம் மச்சான்தான்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உங்க கண்ணெதிர்ல போட்டாரா?"

அப்போதுதான் அவருக்கு நாக்கு குழறியது. இல்லையாம். புரோக்கர் வாங்கிக்கொண்டு போனாராம். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தாராம்.

அவன் மெல்லத் திரும்பினான்.

"மச்சான்...?"

அண்ணன் தரையைப் பார்த்தான். அந்தத் தாளைப் படித்துவிட்டு ஆறு பேர் வந்த வழியே போய்விட்டார்கள் என்றான். தங்கச்சி தன் தெருவிலேயே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னான்.

"நீங்க குடிவந்ததும் ஆள்விட்டு சரி பண்ணிடலாம்னு இருந்தேன், மாப்பிள்ளை."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

அவன் கை ஓங்கவில்லை. குரலும் உயரவில்லை.

"முன்பின் தெரியாத ஆறு பேருக்குக் காட்டியிருக்கே. கூடப்பிறந்தவளுக்குக் காட்டலை."



இன்ஸ்பெக்டர் எழுந்து லாக்கப் கதவைத் திறந்தார்.

"உள்ள ஜன்னல் கிடையாது. கக்கூஸ் அடைப்பு. மூட்டைப்பூச்சி ஏராளம்." ரெஜிஸ்டரைப் புரோக்கர் பக்கம் தள்ளினார். "தெரிஞ்ச குறையெல்லாம் சொல்லியாச்சு. இந்தத் தடவையாவது உன் கையெழுத்தைப் போடு."