திறக்காத படம்

ஞாயிறு, காலை 10.50. புயல் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக்கு டீ கொண்டுபோன காவலாளி, கோப்பையைக் கீழே போட்டுவிட்டு அலறினார். விஞ்ஞானி அம்மா மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. காலடியில் ரத்தக்கறையோடு தீயணைப்பு உருளை.

12.15. செத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார் மருத்துவர். முன்வாசலில் தன்னைத் தாண்டி ஒருவரும் போகவில்லை என்று காவலாளி சத்தியம் செய்தார். நுணலும் தன் வாயால் கெடும். அவரைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் மனைவி ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்கதவுச் சாவி இருவரிடம் இருந்தது. ஒருவர் இயக்குநர், வெளிநாட்டில் இருந்தார். மற்றவர் இறந்தவரின் கணவர், அதே கூடத்தில் விஞ்ஞானி. வீடு பத்து நிமிட தூரம்.

2.30. கணவரின் கண்கள் வீங்கியிருந்தன. இன்ஸ்பெக்டர் அம்மாள் மெதுவாகத்தான் கேட்டார்.

"காலைல எங்க சார் இருந்தீங்க?"

"வீட்லதான் மேடம். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மையத்துல எங்க பெரிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கு. புயல் கணக்கை எல்லாம் படமா வரையுற மென்பொருளை வீட்லேருந்தே அதுல ஏத்திக்கிட்டிருந்தேன். பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும். பதிவு இருக்கும், பாருங்க."

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சோதனைப் படம்கூட திறந்து பார்த்தேன். நல்லா வந்துச்சு."

4.00. பதிவு வந்தது. அவர் வீட்டிலிருந்து நாற்பத்தாறு கட்டளைகள். நாற்பத்தொன்றாவதற்குக் கீழே மட்டும் ஒரு பிழைச் செய்தி. ஏட்டய்யா பெருமூச்சு விட்டார். "இவர் இல்ல மேடம். காவலாளிதான்."

இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பிழை உறுத்தியது. கம்ப்யூட்டர் மையத்துக்குப் போன் போட்டார்.

"அதுவா? திரை கிடைக்கல, படம் திறக்க முடியலன்னு அர்த்தம்," என்றார் மையத்துக்காரர். "இங்க வரையுற படம் அவங்க வீட்டுத் திரையில தெரியணும்னா, உள்ள நுழையும்போதே திரையையும் சேர்த்து இணைக்கணும். எல்லாரும் மறக்கிறதுதான். திட்டிக்கிட்டே வெளிய போய், மறுபடி இணைச்சுட்டு வருவாங்க."

"இவர் மறுபடி வந்தாரா?"

"இல்லையே. ஒண்ணுமே நடக்காத மாதிரி அடுத்த கட்டளைக்குப் போயிட்டாரு."

6.10. இன்ஸ்பெக்டர் தாளைக் கணவர்முன் வைத்தார்.

"படம் திறக்கவே இல்ல சார். நீங்க அங்க உட்கார்ந்திருந்தா கவனிச்சிருப்பீங்க. கட்டளைகளை எழுதிவெச்சு, தானா ஓடவிட்டுட்டுப் பின்கதவு வழியா போயிட்டீங்க. ஓடின பட்டியலுக்குப் பார்க்கக் கண்ணு இல்ல. நீங்களோ, பார்க்காத படத்தை நல்லா வந்துச்சுன்னு சொன்னீங்க."

இன்ஸ்பெக்டர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

"மையத்துல உங்க பழைய புயல் கணக்கைப் படமா வரையச் சொன்னேன். பாதிக்கு மேல ஒரே அலை, திரும்பத் திரும்ப. எண்ணா இருந்தவரைக்கும் யாருக்கும் தெரியல. இட்டுக்கட்டினதுதானே? உங்க மனைவி அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. காட்டிக் கொடுத்துடுவேன்னு மிரட்டினாங்களா?"

கணவர் மறுத்துத் தலையசைத்தார்.

"இல்ல. அவ யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னுதான் சொன்னா. நீங்களே போய்ச் சொல்லிடுங்க, நானும் கூட வர்றேன்னு சொன்னா."