மெஷின் நின்ற இடங்கள்

முன்னறையில் அம்மாவின் தையல் கடை. பின்னறையில் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலையை ஒட்டிப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துதான் குண்டூசி தன் நாவலை எழுதினாள்.

ஒல்லியாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தவள் காஜா அக்கா. பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுவதற்குக் காஜா என்று பெயர். காலையில் கடைக்கு வந்தால் மாலை வரை அக்காவுக்கு அதுதான் வேலை. ஆகவே அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

குண்டூசியின் நாவலில் ஒரு கப்பல் இருந்தது. ஒரு கேப்டன் இருந்தார். ஒரு சமையல்காரன் இருந்தான். முதல் அத்தியாயம் எழுதி முடித்ததும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"பொன்னிறக் கதிரவன் தன் ஆயிரமாயிரம் கரங்களை நீட்டி, நீலக் கடலரசியின் நெற்றியில்..."

அம்மாவின் மெஷின் டடடடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கதிரவன் மேலே வருவதற்கே ஒன்றரைப் பக்கம் ஆனது.

"இன்னும் விடியலையா?" என்றாள் காஜா அக்கா.

"வர்ணனைக்கா. நாவல்னா வர்ணனை இருக்கணும்."

"இருக்கட்டும், வேண்டாங்கல. கப்பல்ல யாராவது எழுந்திரிச்சு ஏதாவது செய்வாங்களா?"

குண்டூசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். கேப்டன் நல்லவர், வல்லவர், அஞ்சாதவர், அழகானவர் என்று வரிசையாக வந்தது. மெஷின் ஓடியது. கப்பலில் பூனை கூடாது என்று கேப்டன் கட்டளை போட்டார். மெஷின் ஓடியது. சமையல்காரன் ஒரு பூனைக்குட்டியை மாவுப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்தான். கேப்டனின் காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் வந்தது.

மெஷின் நின்றுவிட்டது.

"அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"பூனைக்கு."

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள். எதைப் படித்துக் காட்டினாலும் "நல்லா இருக்குடா கண்ணு" என்று சொல்வது அம்மாவின் பழக்கம். அந்த வாயை நம்ப முடியாது. ஆனால் மெஷின் மிதியில் இருக்கும் காலை நம்பலாம்.

அன்று முதல் அவள் தையல் சாக்பீஸும் கையுமாக உட்கார்ந்தாள். மெஷின் நின்ற வரிக்கு ஒரு கோடு. நிற்காமல் ஓடிய பக்கத்துக்கு ஒரு பெருக்கல் குறி. கதிரவனும் கடலரசியும் போய், "விடிந்தது" என்று ஒரே சொல் மிஞ்சியது. கேப்டனின் நற்குணங்களும் போயின. அதற்குப் பதிலாக, அவர் தன் கம்பளியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கினார். அங்கே மெஷின் சற்று மெதுவானது.

ஓர் இடத்தில் மெஷின் வேறு காரணத்துக்காக நின்றது. கப்பலின் கிழிந்த பாயைக் கேப்டன் கண்ணிமைக்கும் நேரத்தில் தைத்துவிட்டார் என்று படித்ததும், அம்மாவும் காஜா அக்காவும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அவரை நம்ம கடைக்கு அனுப்பு," என்றாள் காஜா அக்கா. "நான் வீட்டுக்குப் போறேன்."

"கெட்டித் துணிடா அது," என்றாள் அம்மா. "தைச்சுப் பாரு, தெரியும்."

குண்டூசி ஒரு பழைய கெட்டித் துணிப் பையை எடுத்துத் தைத்துப் பார்த்தாள். ஊசி உள்ளே போக மறுத்தது. போனபோது விரலுக்குள்ளும் போனது. அடுத்த முறை படித்தபோது, கேப்டனின் விரல் ரத்தம் பாயில் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருந்தது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மெஷினும் ஓடவில்லை.

இப்படி நாவல் நன்றாகிக்கொண்டே வந்ததில்தான் வம்பு வந்தது.

பள்ளிக்கூடத்துப் பாட்டு ஆசிரியர், தன் பாட்டுக் குழுவுக்கு நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டைகள் தைக்கக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வாங்கிக்கொள்வார். மாலையில் மேடை. சட்டைகள் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தால், பள்ளிக்கூடத்துச் சீருடை எல்லாம் இனி அம்மாவுக்குத்தான். இல்லையென்றால் கடைத்தெருவில் இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை மாலை குண்டூசி புயல் அத்தியாயத்தைப் படித்தாள். அம்மா கதையையும் விடவில்லை, தையலையும் விடவில்லை. படித்து முடித்த சமயம் காஜா அக்கா ஒரு சட்டையைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள்.

"அக்கா, இதுக்கு ஒரு கை நல்ல பக்கம், ஒரு கை உள்பக்கமா?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். தையல் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இருந்த சட்டையும் அப்படியே. அதற்கு அடியில் இருந்ததும் அப்படியே.

"புயல் வந்தது கப்பலுக்கு. அடி வாங்கினது சட்டை," என்றாள் காஜா அக்கா.

அம்மா சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வந்துருவாரே," என்று மட்டும் சொன்னாள்.

குண்டூசி தாள்களை அடுக்கி முக்காலிக்குக் கீழே தள்ளினாள். "சட்டை முடியுற வரைக்கும் படிக்க மாட்டேன்மா," என்று சொல்லிவிட்டு, தவறான தையல்களைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து பார்த்தால், வேலை நகரவே இல்லை. அம்மா கொட்டாவி விட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தாள். மறுபடியும் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

"ஏன்டி, அந்தச் சமையல்காரன் மாட்டிக்கிட்டானா?" என்று கேட்டாள்.

"சொல்ல மாட்டேன். நீ தை."

"ஒரே ஒரு வரி."

"இந்தச் சட்டையை முடி. படிக்கிறேன்."

மெஷின் சீறிக்கொண்டு கிளம்பியது. குண்டூசி வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம் முக்காலிக்குக் கீழே கையை விட்டுத் தாள்களை எடுத்தாள்.

இனி இதுதான் விதி: மெஷின் ஓடும்போது ஒரு சொல்கூடப் படிக்கக் கூடாது. ஒரு சட்டை முடிந்து, அம்மா முதுகை நிமிர்த்தும்போது மட்டும் படிக்க வேண்டும். அதுவும் கொஞ்சம்தான். அவள் பெரிய அத்தியாயங்களைச் சின்னச் சின்னத் துண்டாக்கினாள். துணியை வெட்டுவது போல, எங்கே வெட்டுவது என்று யோசித்து வெட்டினாள்.

சட்டை முடிந்தது. குண்டூசி படித்தாள். "கேப்டன் மாவுப் பீப்பாயின் மூடி மேல் கையை வைத்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த சட்டை."

"நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

"உன் பொண்ணுதான். தை."

"அவங்களுக்குச் சரி. எனக்கும் சேர்த்தா இந்தத் தண்டனை?" என்றாள் காஜா அக்கா.

"காஜாவும் பொத்தானும் ஆனாத்தான் சட்டை முடிஞ்ச மாதிரி."

"ராட்சசி," என்று சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அதன் பிறகு அவள் தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை காலையில், எழுதி வைத்திருந்த தாள்கள் தீர்ந்துபோயின. சட்டைகள் தீரவில்லை. மெஷின் ஒரு பக்கம் ஓட, குண்டூசியின் பேனா இன்னொரு பக்கம் ஓடியது. யார் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது, அவ்வளவுதான் எழுத முடிந்தது. வர்ணனைக்கு நேரமே இல்லை.

பாட்டு ஆசிரியர் வந்தபோது கடைசிச் சட்டைக்குக் கடைசிப் பொத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு சட்டையின் கைக்குள் தன் கையை விட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமான வேலைம்மா. சீருடைக்கு அளவெடுக்கத் திங்கட்கிழமை வந்துருங்க."

அம்மா தலையாட்டினாள். அவர் மூட்டையுடன் படியிறங்கிப் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குண்டூசியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"நீ இல்லைன்னா இது முடிஞ்சிருக்காதுடா."

"நீ இல்லைன்னா என் கப்பல்ல இன்னும் விடிஞ்சே இருக்காதும்மா."

"விடியலையான்னு கேட்டது நான்," என்றாள் காஜா அக்கா. "நன்றின்னு ஒரு பக்கம் எழுதுவியே, அதுல என் பேரு பெருசா இருக்கணும்."

"முதல் பேரே உங்க பேருதான்கா."

அம்மா நாற்காலியை மெஷினிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "இப்போ கடைசி அத்தியாயத்தைப் படி. கையில ஒரு வேலையும் இல்லை."

குண்டூசி தயங்கினாள். "மெஷின் ஓடலையே. நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மெஷினுக்கும் உன் கதைக்கும் என்னடி சம்பந்தம்?"

குண்டூசி சிரித்துக்கொண்டே தாளைப் பிரித்தாள். கரை தெரிந்தது. மாலுமிகள் கூச்சலிட்டார்கள். கேப்டன் சமையலறைக் கதவைத் திறந்தார்.

அம்மாவின் கால், பழக்கத்தில், வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"கேப்டன் தன் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்தார். பூனைக்குட்டியை எடுத்து அதற்குள் வைத்தார்."

கால் நின்றது.

குண்டூசி அடுத்த வரியை மெதுவாகப் படித்தாள்.